ஒஸ்ரினும் டட்சனும்

2023ஆம் ஆண்டு ஆவணி மாதத்தில் ஒரு பின்னேரம் நீர்வேலிக்குப் போயிருந்தேன். யாழ்ப்பாண நகரிலிருந்து பருத்தித்துறை வீதியால் இருபாலையையும் கோப்பாயையும் தாண்டினால் நீர்வேலி வரும். இலக்கியம் தெரிந்தவர்களுக்கு அது அரசகேசரிப் பிள்ளையார் கோவிலும் சங்கர பண்டிதரும் உள்ள ஊர். வியாபாரிகளுக்கு அது வாழைக்குலை ஊர். எனக்கு அது ஒரு காரின் ஊர். பருத்தித்துறை வீதியிலிருந்து பிரியும் ஓர் ஒழுங்கையில், பனையோலை வேலிக்கும் வாழைத் தோட்டத்துக்கும் நடுவே, தகரக் கொட்டிலுக்குள் 1953ஆம் ஆண்டு ஒஸ்ரின் ஏ-40 சொமர்செற் ஒன்று நிற்கிறது. அதைப் பார்க்கத்தான் போனேன்.

வாகனப் பித்து எனக்கு இல்லை. ஒழுங்காகக் கார் ஓட்டவும் வராது. ஆனால் நான் பழைய மோட்டார்ச் சாமான் விற்றவரின் மகன். வாப்பாவின் கடை யாழ்ப்பாண நகரத்தில் இருந்தது. கியர்ப்பெட்டி, டைனமோ, காபரேற்றர், கம்பிச்சுருள், முறுக்காணி என்று கழற்றிய சாமான்கள் கூரை வரை அடுக்கியிருக்கும். பள்ளிக்கூடத்தால் வந்ததும் மண்ணெண்ணெய்த் தகரத்தில் பெயரிங்குகளைக் கழுவி வைப்பது என் வேலை. அரபு எழுத்தைக் கற்றுக்கொண்ட அதே வயதில் லூக்காஸ் டைனமோ எது, ஜப்பான் டைனமோ எது என்றும் கற்றுக்கொண்டேன். முதலாவது மறந்துபோகாமல் இருக்கத் தினமும் ஓதினோம். இரண்டாவது எப்படியோ தானாகவே தங்கிவிட்டது.

அந்தக் கடைக்கு மாதம் இரண்டு தடவையாவது வருகிறவர் நீர்வேலிக் கார்க்காரர். வாடகைக்குக் கார் ஓடுகிறவர். வாப்பாவை 'நானா' என்பார். நான் அவரை 'அண்ணை' என்பேன், வயதுக்கு மாமா என்றிருக்க வேண்டும். அவருடைய ஒஸ்ரின் கடை வாசலில் நிற்கும்போது பக்கத்தில் எங்கள் கார் நிற்கும். எங்களுடையது டட்சன் சனி, பி-310 என்பார்களே அந்த வகை. 1979இல் வாப்பா வாங்கினார். இரண்டுக்கும் இடையில் இருபத்தாறு வருடம். ஒன்று வெள்ளைக்காரன் வீட்டுக் கிழவர் மாதிரித் தொந்தியும் தொப்பியுமாக நிற்கும். மற்றது பெட்டி போல் நேராக, இஸ்திரி போட்ட சேட்டுடன் கந்தோருக்குப் போகிற இளைஞன் மாதிரி நிற்கும். எது நல்ல கார் என்று அண்ணையும் வாப்பாவும் தேத்தண்ணீர் ஆறும் வரை வாதாடுவார்கள். அந்த வாதத்தின் மிச்சம்தான் இந்தக் கட்டுரை என்று வைத்துக்கொள்ளலாம்.

முதலில் ஒஸ்ரினின் பிறப்பைச் சொல்ல வேண்டும். இங்கிலாந்தில் பேர்மிங்ஹாமுக்கு அருகே லோங்பிறிட்ஜ் என்ற இடத்தில் ஹேர்பேட் ஒஸ்ரின் 1905இல் தொடங்கிய தொழிற்சாலை அது. இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் பிரித்தானியா கடனில் மூழ்கிக் கிடந்தது. கார் செய்கிறவர்களிடம் அரசாங்கம் சொன்னது ஒன்றுதான்: ஏற்றுமதி செய், டொலர் கொண்டு வா, இல்லாவிட்டால் உனக்கு உருக்கு இல்லை. அந்த நெருக்கடியில் 1947இல் வந்தது ஏ-40. டெவன், டோர்செற் என்று இங்கிலாந்தின் மாவட்டப் பெயர்களையே அவற்றுக்கு வைத்தார்கள். 1952இல் வந்த உருண்டையான வடிவத்துக்குச் சொமர்செற் என்று பெயர். 1954 வரைதான் அதைச் செய்தார்கள். 1200 சீ.சீ. இயந்திரம், 42 குதிரை வலு. கியர்த்தடி தரையில் இல்லை, சுக்கானோடு ஒட்டியிருக்கும். திரும்பும்போது கதவுத் தூணுக்குள்ளிருந்து சின்னக் கை ஒன்று வெளியே நீளும், அதன் நுனியில் விளக்கு எரியும். சிறுவர்களாகிய நாங்கள் அந்தக் கையைப் பார்ப்பதற்காகவே சந்தியில் நிற்போம்.

இலங்கைக்கு அவை வந்தது நல்ல காலத்தில். கொரிய யுத்தத்தினால் றப்பர் விலை ஏறி நாட்டின் கையில் வெளிநாட்டுப் பணம் புழங்கிய வருடங்கள் அவை. உத்தியோகத்தர்களும் ஆசிரியர்களும் மொறிஸ் மைனர் வாங்கினார்கள். வாடகைக்கு ஓடுகிறவர்கள் ஒஸ்ரின் ஏ-40ஐயும் கேம்பிறிட்ஜையும் விரும்பினார்கள், ஏனென்றால் அவற்றில் இடம் அதிகம். ஐந்து பேருக்கென்று செய்த காரில் ஒன்பது பேரும் ஒரு பலாப்பழமும் போவது யாழ்ப்பாணத்தில் சாதாரணம்.

பிறகு கதவு மூடியது. 1960களின் தொடக்கத்தில் அந்நியச் செலாவணி வற்றியபோது கார் இறக்குமதிக்கு இறுக்கமான தடைகள் வந்தன. 1970க்குப் பின் நிலைமை இன்னும் இறுகியது. ஒரு தலைமுறை முழுவதும் இருந்த காரையே கட்டி இழுத்தது. வாப்பாவைப் போன்றவர்களின் தொழில் அந்தத் தட்டுப்பாட்டில்தான் முளைத்தது என்பதையும் மறைக்கக் கூடாது. புதுச் சாமான் வராத நாட்டில் பழைய சாமானுக்கு மரியாதை. ஒரு காரைக் கழற்றி நான்கு காரை ஓட வைத்தார்கள். கிடைக்காததைக் கம்மாலையில் அடித்தார்கள், லேத்தில் கடைந்தார்கள். 1977 நவம்பரில் ஜே.ஆர். ஜெயவர்த்தனாவின் அரசாங்கம் பொருளாதாரத்தைத் திறந்துவிட்டதும் ஜப்பான் கார்கள் வரத் தொடங்கின. டட்சனும் டொயோட்டாவும் வீதிக்கு வந்த வேகத்தில் ஒஸ்ரின்கள் கோழிக் கூடாகின. வாப்பாவே டட்சன் வாங்கினார் என்றால் மற்றவர்களைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. 'ஒஸ்ரின் சாமான் விக்கிறவன் டட்சன் ஓடுறான்' என்று அண்ணை ஊரெல்லாம் சொல்லித் திரிந்தார்.

அவருக்கும் வாப்பாவுக்கும் தெரியாத ஒன்றை நான் பிற்காலத்தில் வாசித்து அறிந்தேன். அப்போதே தெரிந்திருந்தால் அவர்களுடைய வாதம் வேறு மாதிரிப் போயிருக்கும். போரில் அழிந்துபோன ஜப்பானில் நிசான் நிறுவனம் மீண்டும் எழுந்து நிற்கப் பார்த்தது. புதுக் கார் செய்யும் வித்தையை யாரிடமாவது படிக்க வேண்டியிருந்தது. 1952 டிசம்பரில் அவர்கள் ஒஸ்ரின் நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்துகொண்டார்கள். 1953இலிருந்து ஜப்பானிலே ஏ-40 சொமர்செற் பூட்டப்பட்டது. இங்கிலாந்திலிருந்து பெட்டியில் வந்த சாமான்களைப் பூட்டிப் பழகி, பிறகு ஒவ்வொரு சாமானாகத் தாங்களே செய்து, 1955இல் ஏ-50 கேம்பிறிட்ஜுக்கு மாறினார்கள். தசாப்தம் முடிவதற்குள் முழுக் காரையும் உள்ளூரிலே செய்யப் பழகிவிட்டார்கள். டொனால்ட் ஸ்ரோன் என்ற அமெரிக்க எந்திரவியலாளர், புதிதாக ஓர் இயந்திரத்தை வரைவதை விட்டு, ஒஸ்ரினின் 1500 சீ.சீ. இயந்திரத்திலேயே பிஸ்டனின் ஓட்டத்தைக் குறைத்து ஆயிரம் சீ.சீ.க்குக் கொண்டுவரலாம் என்று நிசானுக்குச் சொன்னார். 1957இல் டட்சன் காரில் வந்த 988 சீ.சீ. இயந்திரம் அப்படிப் பிறந்தது. அந்தப் பள்ளிக்கூடத்தில் படித்தவர்கள்தான் 1966இல் சனியைச் செய்தார்கள்.

ஆகவே எங்கள் கடை வாசலில் நின்றவை இரண்டு எதிரிகள் அல்ல. ஒன்று மற்றதன் உஸ்தாது. உஸ்தாதிடம் படித்த மாணவன் அதே 1200 சீ.சீ. கணக்கில் - சரியாகச் சொன்னால் 1171 - அதைவிடக் கூடிய வலுவை, குறைந்த பெற்றோலில், கிட்டத்தட்ட சத்தமில்லாமல் எடுத்துக் காட்டினான். டட்சன் என்ற பெயரிலும் ஒரு வேடிக்கை உண்டு. ஆதியில் 'டாற்றின் மகன்' என்ற பொருளில் டட்சொன் என்றே வைத்தார்கள். ஜப்பானிய மொழியில் 'சொன்' என்றால் நட்டம் என்றும் கேட்கும். வியாபாரத்தில் நட்டத்தின் பெயரோடு போகலாமா? சூரியனை நினைவூட்டும்படி 'சன்' ஆக்கினார்கள். வாப்பா இதைக் கேட்டிருந்தால் சிரித்திருப்பார். கடைக்குப் பெயர் வைக்க அவரும் நாலு ஆலிம்களைக் கேட்டவர்.

இரண்டையும் ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்வதை நடுநிலையாகச் சொல்கிறேன். ஒஸ்ரின் கனம். ஏறத்தாழ ஒரு தொன். மேட்டில் மூச்சு வாங்கும், வேகத்தில் வளைவுக்குப் போனால் பக்கவாட்டில் சாயும். பின் அச்சு அடிக்கடி உடையும், வாப்பா அதில்தான் உழைத்தார். டட்சன் விடியற்காலையில் திறப்பைத் திருப்பினால் ஸ்ராட். யாழ்ப்பாணத்தில் சுபஹுக்குப் புறப்பட்டால் லுஹருக்குக் கொழும்பில் நிற்கலாம், இடையில் வானெற்றைத் திறக்க வேண்டியதில்லை. பழைய கார் என்றால் உயர்ந்தது, புதியது என்றால் மட்டம் என்று இப்போது சிலர் பேசுகிற பேச்சில் எனக்கு உடன்பாடில்லை. எல்லாக் கணக்கிலும் டட்சன்தான் நல்ல கார். 1990 ஜூன் வரைக்கும்.

இலக்கத்தகட்டையும் சொல்லாமல் போக முடியாது. நீர்வேலி ஒஸ்ரினின் தகட்டில் இரண்டு ஆங்கில எழுத்தும் ஓர் எண்ணும் இருக்கும். எங்கள் டட்சனின் தகட்டில் எண்களுக்கு நடுவே சிங்கள 'ஸ்ரீ' இருந்தது. 1957 தொடக்கத்தில் அந்த எழுத்து வந்தது. தமிழரசுக் கட்சி எதிர்த்தது. 1958இல் ஸ்ரீ எழுத்துப் போட்ட அரச பஸ்கள் வடக்குக்கு வந்தபோது எழுத்துக்குத் தார் பூசும் போராட்டம் நடந்தது. தெற்கில் தமிழ் எழுத்துக்களுக்குத் தார் பூசினார்கள். ஏப்ரலில் பண்டாரநாயக்க - செல்வநாயகம் ஒப்பந்தம் கிழிந்தது, மே மாதத்தில் கலவரம். ஓர் எழுத்தின் மேல் பூசிய தார் ஒரு நாட்டின் மேல் பரவிய விதத்தை வரலாற்றாசிரியர்கள் எழுதியிருக்கிறார்கள். அண்ணைக்குத் தன் காரில் அந்த எழுத்து இல்லை என்பதில் பெருமை. 'என்ரை கார் சண்டைக்கு முந்திப் பிறந்தது' என்பார். வாப்பா மட்டும், 'ஆர் தார் பூசினாலும் கழுவுறது நாங்கள்தான்' என்று சொல்லிவிட்டு வேறு கதைக்குப் போய்விடுவார். அந்த வசனத்தை அப்போது நகைச்சுவை என்று நினைத்தேன்.

1990 ஜூனில் மீண்டும் யுத்தம் தொடங்கியதும் குடாநாட்டுக்குப் பொருளாதாரத் தடை வந்தது. பெற்றோல் இல்லை, டீசல் இல்லை, மின்சாரம் இல்லை, பற்றரி இல்லை. அந்தக் கோடையில் எங்கள் டட்சன் கடைப் பின்வளவில் ஓலைக்குக் கீழே நின்றது. நீர்வேலி ஒஸ்ரினோ பின்னால் வெள்ளைப் புகை கக்கிக்கொண்டு, தெருவெல்லாம் குப்பிவிளக்கு மணத்தைப் பரப்பிக்கொண்டு கடை வாசலுக்கு வந்து நின்றது. 'என்ன நானா, ஜப்பான்காரன் நித்திரையோ?' என்று அண்ணை கேட்டது இன்னும் காதில் நிற்கிறது.

மண்ணெண்ணெயில் கார் ஓடியதை யாழ்ப்பாணத்தார் தங்கள் சாதனையாகச் சொல்லிக்கொள்வதுண்டு. சாதனைதான், ஆனால் அதற்கு ஒரு தாய்வழி இருக்கிறது. நீர்வேலியில் துலா போய் இறைப்பு மெசின் வந்த காலத்திலிருந்து வாழைக்குத் தண்ணீர் கட்டுகிறவர்களுக்கு அந்த வித்தை தெரியும். மெசினைக் கொஞ்சம் பெற்றோலில் எழுப்புவது, சூடேறியதும் குழாயை மண்ணெண்ணெய்க்குத் திருப்புவது. போர்க்கால இங்கிலாந்தின் உழவு இயந்திரங்களும் இதே முறையில்தான் ஓடின. அண்ணை காபரேற்றருக்குப் பக்கத்தில் சின்னப் போத்தல் ஒன்றைக் கட்டியிருந்தார். அதில் ஒரு முட்டைக்கோது அளவு பெற்றோல். அந்த அளவு பெற்றோலுக்காக ஒரு நாள் கூலியைக் கொடுக்க வேண்டியிருந்தது.

ஏன் ஒஸ்ரின் அதில் ஓடியது, டட்சன் முரண்டு பிடித்தது? மண்ணெண்ணெய் தடித்தது, குளிரில் ஆவியாகாது. அதைவிடப் பெரிய குறை, அழுத்தினால் பொறி வரும் முன்னரே தானாக வெடிக்கப் பார்க்கும். இயந்திரத்துக்குள் சுத்தியலால் தட்டுவது போல் சத்தம் கேட்கும், பிஸ்டன் ஓட்டையாகும். இயந்திரம் கலவையை எவ்வளவு அழுத்துகிறது என்பதுதான் கணக்கு. ஒஸ்ரின் ஏறக்குறைய 7 மடங்கு அழுத்தும். டட்சன் 9 மடங்கு. டட்சனின் வலுவுக்கும் சிக்கனத்துக்கும் காரணம் எதுவோ அதுவே அதற்குக் கேடாக வந்தது.

ஒஸ்ரின் ஏன் குறைவாக அழுத்தியது என்று தேடிப் போனபோது கிடைத்த பதில் என்னை நெடுநேரம் யோசிக்க வைத்தது. இங்கிலாந்தில் போர்க்காலம் முதல் 1953 பெப்ரவரி வரைக்கும் எல்லா நிறுவனங்களின் பெற்றோலையும் ஒன்றாகக் கலந்து 'பூல்' என்ற தரம் குறைந்த ஒரே பெற்றோலைத்தான் விற்றார்கள். 1950 மே வரைக்கும் அதுவும் பங்கீட்டு அட்டைக்கு. அந்த மட்டமான பெற்றோலில் ஓடத்தான் ஒஸ்ரின்காரர்கள் அந்த இயந்திரத்தை அமைத்தார்கள். போரில் மெலிந்துபோன ஒரு நாட்டின் பஞ்சத்துக்கென்று செய்த கார், நாற்பது வருடம் கழித்து, வேறொரு போரில், வேறொரு பஞ்சத்துக்குத் தயாராக இருந்தது. டட்சன் திறந்த சந்தைக்கும் நல்ல பெற்றோலுக்கும் பிறந்தது. பசி அதற்குத் தெரியாது.

பற்றரியும் அப்படித்தான். ஒஸ்ரினுக்கு முன்னால் ஓட்டையில் கைபிடியை விட்டுச் சுழற்றி எழுப்பலாம். டைனமோ சுற்றினால் தானே மின் எடுக்கும். முற்றாகச் செத்த பற்றரியோடு டட்சனைத் தள்ளிப் பார்த்தோம், நான்கு பேர், சோனகத் தெருவின் இந்த முனையிலிருந்து அந்த முனை வரைக்கும். ஜப்பான்காரன் எழும்பவில்லை.

டட்சன் ஓடவே ஓடாது என்பதல்ல. சில மெக்கானிக்குகள் தலைக் கஸ்கற் இரண்டை அடுக்கி அழுத்தத்தைக் குறைத்து ஓட்டினார்கள். மண்ணெண்ணெய் எல்லா இயந்திரத்தையும் தின்றது. எரியாத எண்ணெய் சுவர் வழியே வடிந்து கீழிருக்கிற ஒயிலைத் தண்ணீராக்கும். ஒஸ்ரினும் கெட்டது. கெட்டதைத் திருத்த முடிந்தது, அவ்வளவுதான். ஆவணியில் அண்ணை ஒரு பின் அச்சை வாங்கிக்கொண்டு போனார். காசு பிறகு தருவதாகச் சொன்னார், வாப்பா கொப்பியில் எழுதிக்கொண்டார்.

1990 ஒக்டோபர் 30ஆந் திகதி காலையில் ஒலிபெருக்கியில் எங்களை ஜின்னா மைதானத்துக்கு அழைத்தார்கள். இரண்டு மணித்தியாலத்துக்குள் வெளியேற வேண்டும் என்றார்கள். அதைப் பற்றி எமது எழுத்தாளர்கள் பலர் எழுதிவிட்டார்கள், நான் இங்கே காரைப் பற்றி மட்டும் சொல்கிறேன். வாசலில் நின்றவர்கள் டட்சனின் திறப்பைக் கேட்டார்கள். வாப்பா ஆணியிலிருந்து எடுத்துக் கொடுத்தார். கொடுத்துவிட்டு, 'தம்பிமார், பற்றரி செத்துப் போச்சு' என்றும் சொன்னார். ஏன் அதைச் சொன்னார் என்று புத்தளத்து ஓலைக்கொட்டிலில் வைத்து உம்மா ஒருநாள் கேட்டா. 'சாமான் குடுக்கேக்குள்ள அதன்ர குறையையும் சொல்லிக் குடுக்கோணும்' என்றார். வியாபாரத்தில் குறையை மறைத்தல் ஹராம் என்று அவர் படித்தவர். பறிகொடுத்தலும் அவருக்கு அந்தச் சட்டத்துக்குள் அடங்கியிருந்தது. 1998இல் புத்தளத்திலேயே மௌத்தானார்.

2002இல் ஏ-9 பாதை திறந்தபின், அடுத்த வருடம் நான் முதல் தடவையாகத் திரும்பிப் போனேன். கடை இருந்த இடத்தில் மூன்று சுவர் நின்றது. டட்சனின் சுவடு கிடைக்கவில்லை. அன்று பின்னேரமே நீர்வேலிக்குப் போனேன். அண்ணைக்குத் தலை நரைத்திருந்தது. என்னைக் கண்டதும் ஒன்றும் பேசாமல் உள்ளே போய் ஒரு கடித உறையோடு வந்தார். 'நானாவுக்கு ஓர் அச்சுக் காசு குடுக்க இருக்கு' என்றார். எழுநூற்றைம்பது ரூபாய். மறுத்தால் அவருக்கு அவமானம் என்று தெரிந்ததால் வாங்கிக்கொண்டேன். உம்மாவிடம் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

பிறகு அவர் சொன்னதை அவருடைய சொல்லிலேயே எழுதுகிறேன். 'அண்டைக்குப் பின்னேரம் வந்தனான் தம்பி. மத்தியானம்தான் கேள்விப்பட்டனான். ஒஸ்ரினை எடுத்துக்கொண்டு வந்தன். உங்கட தெருவிலை ஒருத்தரும் இல்லை. ஒரு கோழி மட்டும் நிண்டது.' கொஞ்ச நேரம் கழித்து, 'காலமை வந்திருந்தாலும் என்ன செய்திருப்பன் எண்டு எனக்குத் தெரியாது' என்றார். பதின்மூன்று வருடமாக எத்தனையோ பேர் எனக்கு ஆறுதல் சொல்லியிருந்தார்கள். செய்திருப்பேன் என்று சொன்னவர்களையும் கேட்டிருந்தேன். தெரியாது என்று சொன்னவர் இவர் ஒருவர்தான்.

அவருடைய முறை 1995இல் வந்தது. அந்த ஒக்டோபரில் படையினர் புத்தூர்ப் பக்கமிருந்து பருத்தித்துறை வீதியால் இறங்கினார்கள். மாதக் கடைசியில் சண்டை நீர்வேலியைத் தொட்டது. வலிகாமம் முழுவதும் தென்மராட்சிக்குப் பெயர்ந்த இரவு 1995 ஒக்டோபர் 30. நாங்கள் வெளியேறிய அதே திகதி. ஆண்டு மட்டும் ஐந்து கூடியிருந்தது. அண்ணை அதற்கு இரண்டு நாள் முன்னரே கோப்பாய் - கைதடி வீதியால் ஒஸ்ரினை எடுத்துக்கொண்டு போயிருக்கிறார். உள்ளே பதினொரு பேர், கூரையில் இரண்டு சைக்கிளும் ஒரு தையல் மெசினும். நடப்பவர்களின் வேகத்தில்தான் கார் போனதாம். முதல் கியரில் அவ்வளவு தூரம் போனால் இயந்திரம் கொதிக்கும். மழை பெய்தது உதவியாக இருந்தது, ஓட்டைப் பானற்றில் தண்ணீர் ஏந்தி ஊற்றினார்கள். கொடிகாமத்தில் ஒரு தென்னந்தோட்டத்தில் காரை விட்டுவிட்டு, 1996இல் ஊர் திரும்பியபின் போய் இழுத்து வந்தார். திகதி ஒன்றாக இருப்பதை அவர் கவனித்திருந்தார். அதைப் பற்றி இருவரும் மேற்கொண்டு பேசவில்லை.

யுத்தம் முடிந்தபின் மற்றொரு மாறுதல். கொழும்பிலிருந்து ஆட்கள் பழைய கார் தேடி வரத் தொடங்கினார்கள். மொறிஸ் மைனருக்கு உதிரிப்பாகம் இலங்கையிலேயே செய்து இங்கிலாந்துக்கு அனுப்பிய கதையும் நடந்திருக்கிறது. நாம் கம்மாலையில் அடித்த தகரம் அவர்களுடைய காரில் ஏறியது. 2020 மார்ச்சில் செலாவணி இல்லையென்று கார் இறக்குமதியை மீண்டும் நிறுத்தினார்கள். 2025 பெப்ரவரி வரைக்கும் தனியார் கார்களுக்குத் தடை நீடித்தது. 1960களை நேரில் கண்டவர்களுக்கு அது தெரிந்த நாடகம். அந்த இடைக்காலத்தில் டட்சன்களும் பழம்பொருளாகி விலை ஏறிவிட்டன. எங்கள் கடை வாசலில் நின்ற இளைஞனும் கிழவனாகிவிட்டான் என்பதை ஒரு விளம்பரத்தைப் பார்த்தபோதுதான் உணர்ந்தேன்.

2022இல் நாடே பெற்றோலுக்கு வரிசையில் நின்றபோது அண்ணைக்குத் தொலைபேசி எடுத்தேன். பழைய போத்தலைத் திரும்பக் கட்டினீர்களா என்று கேட்டேன். 'மண்ணெண்ணெயும் இல்லையே தம்பி' என்றார். மீன்பிடிகாரரும் தோட்டக்காரரும் தகரத்தோடு நின்ற காலம். அந்த ஆவணியில் ஒரு லீற்றர் 87 ரூபாயிலிருந்து 340 ரூபாயானது. எந்தப் பஞ்சத்துக்கும் ஈடுகொடுத்த கார் இந்த முறை கொட்டிலுக்குள்ளேயே நின்றுவிட்டது.

2023இல் நான் போனபோது அவருக்கு எண்பது நெருங்கியிருந்தது. கண்புரை வெட்டியிருந்தார், ஓட்டுவதை விட்டுவிட்டார். மகன் கனடாவில். கொழும்புக்காரர் ஒருவர் நல்ல விலை சொல்லியிருக்கிறாராம். கொடுப்பதா இல்லையா என்று முடிவு செய்யவில்லை. சாக்கை விலக்கி வானெற்றைத் திறந்து காட்டினார். கதவைத் திறந்ததும் அந்தக் குப்பிவிளக்கு மணம் வந்தது, முப்பது வருடமாகியும் இருக்கைத் துணியிலிருந்து போகவில்லை. பின் அச்சைக் குனிந்து பார்க்கச் சொன்னார். 'நானா தந்ததுதான். இன்னும் உடையேல்லை.'

பக்கத்து வீட்டுப் பையன் கைபிடியை விட்டு மூன்று தடவை சுழற்றினான். இயந்திரம் இருமியது, பிடிக்கவில்லை. பொறி வரவில்லை என்று அண்ணை சத்தத்தை வைத்தே சொன்னார். திறந்து பார்த்தால் டிஸ்ரிபியூட்டருக்குள் இருக்கிற றோட்டர் வெடித்திருந்தது. விரல் நுனி அளவான சாமான். கடை இருந்திருந்தால் கண்ணை மூடிக்கொண்டு எந்தத் தட்டில் இருக்கிறது என்று எடுத்துக் கொடுத்திருப்பேன். கொழும்பில் பஞ்சிகாவத்தைப் பக்கம் போனால் விசாரித்துப் பார் என்று, வெடித்ததைக் கடதாசியில் சுற்றி என் கையில் தந்தார். அதற்குப் பிறகு மூன்று தடவை பஞ்சிகாவத்தைக்குப் போய்விட்டேன். நான்காவது கடைக்காரர், மாளிகாவத்தையில் ஒரு வயோதிபரிடம் ஒரு பெட்டி கிடக்கிறது, வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பின் வந்தால் காட்டுகிறேன் என்றிருக்கிறார்.